'டிட் வென்ட்' எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நாலு வரி பிழையில்லாமல் எழுத வரவில்லை என்ற குறை, தேர்வு முடிவு வரும் நாட்களில் தவறாமல் எழும். சொல்வளம் போதாது என்று ஒரு காரணமும் கூடவே வரும். வடசென்னைப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தக் காரணம் பாதிக்கு மேல் பொருந்தாது. வியாசர்பாடியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து நிமிஷம் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்', 'அவன் பாலை பாஸ் பண்ணவே இல்ல', 'சார் நாளைக்கு செக் பண்ணுவாரு', 'நீ வெயிட் பண்ணு'. ஆங்கில வினைச்சொற்கள் அவனிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஆனால் காலம், ஆள், இல்லை என்பது எல்லாவற்றையும் சுமப்பது 'பண்ணு'தான். 'மிஸ்' ஆடாமல் அசையாமல் கிடக்கும் கட்டை. பரீட்சைத் தாளில் 'பண்ணு'வுக்கு இடமில்லை என்பது அவனுக்குத் தெரியும், அதை உருவிவிடுகிறான். மிஞ்சுவது 'ஐ மிஸ் தி பஸ் எஸ்டர்டே'. இறந்தகாலம் 'பண்ணு'வோடு சேர்ந்து போய்விட்டது.

இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பதால் பயனில்லை. பிள்ளை தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றித்தான் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறான். சொற்கள் மட்டும் ஆங்கிலம். ஆகவே அடிப்படை ஆங்கில இலக்கணத்தைப் பன்னிரண்டு கட்டங்கள் போட்ட கால அட்டவணையிலிருந்து தொடங்கக் கூடாது, பிள்ளையின் வாயில் இருக்கும் தமிழ் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் வேண்டுகோள். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

'பண்ணு'விலேயே ஆரம்பிக்கலாம். நோட்டின் இடப்பக்கம் பிள்ளை தான் நேற்றுப் பேசிய பத்து 'பண்ணு' வாக்கியங்களை எழுத வேண்டும். வலப்பக்கம் அவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே விதி: 'பண்ணினேன், பண்ணான், பண்ணிட்டாங்க' என்று எது வந்தாலும் அந்த இடத்தில் வினைச்சொல்லின் வாலில் 'ஈடி'. மிஸ்ட், செக்ட், கால்ட், வெயிட்டட். இங்கேயே இரண்டு இடறல்கள் வரும். 'கட், புட், ஹிட்' மூன்றும் வாலே ஒட்டாதவை. முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் 'கட்டட்' என்று எழுதி வருவார்கள். இரண்டாவது, காது சம்பந்தப்பட்டது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் 'புக்' நம் வாயில் 'புக்கு' ஆகிறது, 'கேட்' 'கேட்டு' ஆகிறது. 'செக்ட்' போல இரண்டு வல்லினம் ஒட்டி முடியும் சொல்லில் கடைசி ஒலி பிள்ளையின் காதில் விழுவதே இல்லை. விழாத ஒலியை எழுத மாட்டான். 'வெயிட்', 'ஆட்' போல ஆங்கில t அல்லது d ஓசையில் முடியும் வினைக்கு மட்டும்தான் 'ஈடி' தனி அசையாக ஒலிக்கும்: வெயிட்டட், ஆடட். மற்றவற்றில் நுனி நாக்கில் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆசிரியர் அந்தத் தட்டைக் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லி, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைக்க வேண்டும். வாய் பழகிய பிறகுதான் கை எழுதும்.

அடுத்தது 'இஸ்' விடுபடுவது. 'மை ஃபாதர் ஆட்டோ டிரைவர்' என்று எழுதினால் தப்பு என்கிறோம். 'எங்க அப்பா ஆட்டோ டிரைவர்' என்பது தமிழில் முழு வாக்கியம், பெயர்ப் பயனிலை. அதில் எதுவும் குறையவில்லை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது என்பதால் அங்கே 'இஸ்' ஒரு முட்டுக்கால். இதைச் சொல்லாமல் 'ஆம், இஸ், ஆர் போடு' என்று மட்டும் மிரட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளை எல்லா இடத்திலும் போட்டுவிடுவான். 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்', 'ஹீ இஸ் பிளே கிரிக்கெட்', 'ஐ ஆம் அக்ரி'. ஒரு பிழையைத் துரத்தப் போய் இன்னொன்றைக் கூட்டி வந்த கதை.

இதற்கு ஒரு சோதனை போதும்: தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார். அது பெயரோ தன்மையோ என்றால் (டிரைவர், மாணவி, உயரம், ரொம்ப நல்லவர்) ஆம், இஸ், ஆர். அது வினை என்றால் அந்த வினையே எழுவாய்க்கு அடுத்து வந்து உட்காரும். 'இஸ்' வேண்டுமானால் வினைக்கு 'ஐஎன்ஜி' வால் இருந்தாக வேண்டும். முதல் வாரம் முழுக்க ஆங்கிலமே எழுத வேண்டாம். இருபது தமிழ் வாக்கியங்களைப் பலகையில் எழுதி, கடைசிச் சொல் பெயரா வினையா என்று மட்டும் கை தூக்கச் சொல்லுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் எழுதினால் மேற்பார்வைக்கு வருபவர் புருவத்தை உயர்த்துவார், உயர்த்தட்டும்.

இந்தச் சோதனைக்கு அடங்காத ஒரு கூட்டம் உண்டு: 'எனக்கு' வாக்கியங்கள். 'எனக்கு ரெண்டு தங்கச்சி', 'எனக்குப் பசிக்குது', 'எனக்கு இட்லி பிடிக்கும்', 'எனக்கு நீச்சல் தெரியும்', 'எனக்கு ஜுரம்'. ஐந்தும் தமிழில் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் ஐந்துக்கும் தொடக்கம் 'ஐ' என்பது மட்டுமே பொது. அதற்குப் பிறகு 'ஹேவ்', 'ஆம் ஹங்ரி', 'லைக்', 'கேன் ஸ்விம்', 'ஹேவ் எ ஃபீவர்' என்று ஆளுக்கு ஒரு வழி. இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இருபது 'எனக்கு' வாக்கியங்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்வதே வழி. மனப்பாடம் என்றாலே குற்றம் என்று நினைப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

இனி, எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அதிகம் சிக்கும் இடம். 'ஹீ கோ', 'ஹீ டஸ் நாட் கோஸ்', 'டிட் யூ வென்ட்?' இந்த மூன்று பிழைகளும் ஒரே வேரில் முளைத்தவை. கரும்பலகையில் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் பிடிபடாதது, துணி காயப்போடும் கிளிப்பை வைத்துக் காட்டினால் ஒரு வகுப்பு நேரத்தில் பிடிபடும்.

தேவையானவை: எம்.சி. ரோடு துணிக்கடைகளில் சட்டை மடிப்புக்குள் வரும் அட்டைகள் ஐந்தாறு, இரண்டு பிளாஸ்டிக் கிளிப், ஒரு மார்க்கர். ஒவ்வொரு அட்டையையும் நீளவாக்கில் மூன்றாகக் கிழித்துக்கொள்ளுங்கள். எழுவாய்க்கு ஆறு: ஐ, யூ, ஹீ, மை மதர், தி பாய்ஸ், ரவி அண்ட் மணி. வினைக்கு ஆறு: ஈட், பிளே, வாக், கோ, கம், சீ. தனியாக 'டூ' ஒன்று, 'நாட்' ஒன்று. 'கோ' அட்டையின் பின்புறம் 'வென்ட்', 'ஈட்' பின்புறம் 'ஏட்', 'கம்' பின்புறம் 'கேம்', 'சீ' பின்புறம் 'சா', 'டூ' பின்புறம் 'டிட்' என்று எழுதிவிடுங்கள். நீலக் கிளிப்பில் 'எஸ்', சிவப்புக் கிளிப்பில் 'ஈடி'. ஒவ்வொரு நிறத்திலும் ஒரே ஒரு கிளிப்தான். இரண்டாவது வாங்கக் கூடாது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஒரு பிள்ளை 'ஹீ' அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், பக்கத்தில் இன்னொருவர் 'ஈட்'. எழுவாய் ஒற்றை ஆள், அது நானும் இல்லை நீயும் இல்லை என்றால் நீலக் கிளிப் வினையைக் கவ்வும்: 'ஹீ ஈட்ஸ்'. இப்போது 'சாப்பிடுவதில்லை' என்று சொல்ல வேண்டும். 'டூ'வும் 'நாட்'டும் எழுந்து வந்து நடுவில் நிற்பார்கள். கிளிப்பை 'ஈட்'டிலிருந்து கழற்றி 'டூ'வில் மாட்டச் சொல்லுங்கள். 'ஹீ டஸ் நாட் ஈட்'. கேள்வியா? 'டஸ்' பிடித்திருப்பவர் நடந்துபோய் 'ஹீ'க்கு முன்னால் நிற்கட்டும்: 'டஸ் ஹீ ஈட்?' 'டஸ் ஹீ ஈட்ஸ்?' என்று யாராவது சொன்னால் வகுப்பே சிரிக்கும், இரண்டாவது கிளிப் எங்கே இருக்கிறது?

இறந்தகாலத்துக்கும் அதே ஆட்டம். சிவப்புக் கிளிப் 'வாக்'கைக் கவ்வினால் 'வாக்ட்'. 'கோ'வைக் கவ்வினால் அட்டை புரண்டு 'வென்ட்' ஆகும். 'டூ' உள்ளே வந்ததும் கிளிப் அதற்குப் போய்விடும். 'டூ' புரண்டு 'டிட்', கிளிப்பை இழந்த 'வென்ட்' மறுபடி புரண்டு 'கோ'. 'டிட் வென்ட்' எழுத வேண்டுமென்றால் இரண்டு சிவப்புக் கிளிப் வேண்டும்.

இதைச் செய்து முடித்த கையோடு தமிழுக்குத் திரும்ப வேண்டும்; இந்தப் பாடத்தின் ருசியே அங்கேதான். 'வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள்' என்று பலகையில் எழுதி, எதிரே எதிர்மறையை எழுதச் சொல்லுங்கள். 'நான் வரவில்லை, நீ வரவில்லை, அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை'. 'வந்' எங்கே போனது? '-ஏன், -ஆய், -ஆன்' எங்கே போயின? எதிர்மறை வந்தவுடன் தமிழ் வினையும் காலத்தையும் ஆளையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் 'வர' ஆகிவிடுகிறது. 'டிட் நாட் கம்' செய்வதும் இதைத்தான். வித்தியாசம் ஒன்றுதான்: ஆங்கிலம் கழற்றிய கிளிப்பை 'டூ'விடம் கொடுக்கிறது, தமிழ் யாரிடமும் கொடுப்பதில்லை. தினமும் நூறு தடவை 'வரல, தெரியல, சாப்புடல' என்று சொல்லும் பிள்ளைக்கு இது புது விதியாகவே தோன்றாது.

கிளிப் மாட்டும்போது தப்பு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். 'ரவி அண்ட் மணி'யில் கடைசியில் நிற்கும் மணியை மட்டும் பார்த்து நீலக் கிளிப்பை மாட்டுவார்கள். 'அவர்கள்' என்று மாற்றிச் சொல்லிப் பார்க்கப் பழக்க வேண்டும். 'கேன், வில், மஸ்ட்' மூன்றும் கிளிப்பைத் தொடவே விடாதவை. அவற்றுக்கு 'டூ'வும் வேண்டாம், கேள்வி என்றால் தாங்களே முன்னால் போய் நின்றுகொள்ளும். 'இஸ்'ஸும் அப்படியே, 'டஸ் ஹீ இஸ் யுவர் பிரதர்' என்று வந்தால் இதை நினைவூட்டினால் போதும். எழுத்துக்கூட்டலில், 'ஒய்' எழுத்தில் முடியும் வினையில் அந்த 'ஒய்'க்கு முன்னால் மெய் இருந்தால் 'ஒய்' போய் 'ஐஈஎஸ்' வரும் (ஸ்டடீஸ்), உயிர் இருந்தால் சும்மா 'எஸ்' (பிளேஸ்). 'ஹூ கேம்?' போன்ற, யார் என்பதே எழுவாயாக நிற்கும் கேள்விகளில் 'டூ' வராது. அதை முதல் மாதத்தில் எடுக்கவே வேண்டாம், கட்டிய வீடு ஆட்டம் காணும்.

நீலக் கிளிப்புக்கு நம் மரியாதையும் ஓர் எதிரி. 'அம்மா வர்றாங்க', 'சார் சொன்னாங்க' என்று பன்மையில் பேசி வளர்ந்த பிள்ளை 'மை மதர் கம்', 'அவர் (our) சார் ஆர் குட்' என்று எழுதுவதும், தலைமையாசிரியரைப் பற்றி எழுதும்போது 'ஹீ' போடக் கூசி 'தே' போடுவதும் இதனால்தான். 'ஹீ' என்றால் 'அவன்' என்றே சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறோம். சாரை எப்படி அவன் என்று எழுதுவான்? 'ஹீ' என்பது அவனும்தான், அவரும்தான். ஆங்கிலத்தில் முதலமைச்சரும் ஒருமையே என்று ஒருமுறை சொன்னால் முகம் தெளியும்.

காலங்களில் ஒரு வழுக்கல். 'எங்க அப்பா காலையில நாலு மணிக்கு கடலுக்குப் போவாரு' என்று காசிமேட்டுப் பிள்ளை சொல்கிறான். வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்தும். அதை அப்படியே 'மை ஃபாதர் வில் கோ டு தி சீ' என்று பெயர்க்கிறான். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு நிகழ்காலம், அதாவது நீலக் கிளிப்: 'கோஸ்'. வாக்கியத்தில் 'தினமும்' என்று சேர்த்துப் பார்த்துப் பொருள் மாறவில்லை என்றால் 'வில்' வேண்டாம். இன்னொரு பக்கம், 'போகிறேன்' என்ற ஒரே சொல் தினமும் போவதற்கும் இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும் பொது. 'ஐஎன்ஜி' போடலாமா என்ற சந்தேகத்துக்கு '-க்கொண்டிருக்கிறேன்' ஒட்டுமா என்று பார்க்கலாம். 'எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' இல்லை, 'ஐ ஹேவ்'. 'வந்தான்', 'வந்திருக்கிறான்' என்ற ஜோடி 'கேம்', 'ஹேஸ் கம்' ஜோடியோடு அழகாகப் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: தமிழில் 'நேத்தே வந்திருக்கான்' என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' என்ற சொல் இருந்தால் 'ஹேஸ்' நிற்காது. பள்ளிப் பிள்ளைக்கு இந்த ஐந்து வடிவங்கள் பழகினால் போதும். மிச்சமுள்ள கட்டங்கள் பிளஸ் ஒன்னில் வரட்டும்.

'எ', 'ஆன்', 'தி' மூன்றும் தமிழில் இல்லை என்று சொல்லி ஆசிரியர்களே கைவிடுகிறார்கள். அப்படி முற்றிலும் இல்லாமல் இல்லை. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு...' என்று பாட்டி கதை சொன்ன விதத்தைப் பாருங்கள். முதலில் ஒரு, அடுத்து அந்த. முதலில் 'எ', அடுத்து 'தி'. இன்னும் நுட்பமாக, இரண்டாம் வேற்றுமை உருபும் இந்த வேலையைச் செய்கிறது. 'மீன் வாங்கினேன்' என்றால் ஏதோ மீன். 'மீனை வாங்கினேன்' என்றால் நீயும் நானும் அறிந்த அந்த மீன். 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' இரண்டையும் பக்கத்தில் எழுதி, எதற்கு 'தி' என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் சொல்வாள். உயிரற்ற பொருள்களோடும் இதுபோன்ற சரக்குகளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மனிதரைச் சுட்டும் சொற்களுக்குத் தமிழ் எப்படியும் 'ஐ' போட்டுவிடும். கடலுக்கும் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் 'தி' உண்டு: தி பே ஆஃப் பெங்கால், தி கூவம், தி பக்கிங்ஹாம் கெனால். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இல்லை.

'எ'யா 'ஆன்'னா என்ற கேள்விக்குத் தமிழ் எழுத்து ஒரு வரப்பிரசாதம். ஏ, ஈ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்தில் தொடங்கினால் 'ஆன்' என்று சொல்லிக் கொடுப்பதால்தான் 'ஆன் யூனிவர்சிட்டி' என்று எழுதுகிறார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை, ஓசையில் இருக்கிறது. அந்தச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ'. 'யூனிவர்சிட்டி' உயிர்மெய், 'எ'. 'எம்எல்ஏ' உயிர், 'ஆன்'. 'ஆனஸ்ட்' உயிர், 'ஆன்'. முன்னால் நிற்கும் 'ஹெச்' ஊமை. கவனிக்க வேண்டியது ஒன்று: நாம் 'ஒன் வே' என்று எழுதினாலும் ஆங்கில ஓசை 'வன்' என்றுதான் தொடங்கும், அதனால் 'எ'.

முன்னிடைச் சொற்களில் நேரத்துக்கு உரியவை எளிது, இடத்துக்கு உரியவை கடினம். 'ஆறு மணிக்கு' என்று 'கு' வந்தால் 'அட்'. 'திங்கட்கிழமை' என்று உருபில்லாமல் நின்றால் 'ஆன்' (on). 'ஜூன் மாதத்தில்', '2021-இல்' என்று 'இல்' வந்தால் 'இன்'. இடத்தில் இப்படிச் சுளையாகக் கிடைக்காது. 'வீட்ல, பஸ்ல, ரோட்ல, கடல்ல' எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே 'ல', ஆங்கிலத்தில் அட் ஹோம், ஆன் தி பஸ், ஆன் தி ரோடு, இன் தி சீ. இவை பழக்கத்தில் வர வேண்டியவை. 'கு' வரும் இடத்தில் எல்லாம் 'டு' போடும் பழக்கத்தால் 'கோ டு ஹோம்' வரும். 'பற்றி' வரும் இடத்தில் எல்லாம் 'அபவுட்' போடுவதால் 'டிஸ்கஸ் அபவுட்' வரும். இந்த இரண்டையும் பெரியவர்களும் எழுதுகிறோம், பிள்ளைகளை அதிகம் கடிந்துகொள்ள வேண்டாம்.

செய்வினை, செயப்பாட்டு வினை பற்றி ஒரு வார்த்தை. 'ரவி ஏட் எ மேங்கோ' என்பதைப் புரட்டி 'எ மேங்கோ வாஸ் ஈட்டன் பை ரவி' என்று நூறு தடவை எழுத வைக்கிறோம். மாம்பழம் ரவியால் உண்ணப்பட்டது என்று எந்த வீட்டிலாவது பேசுவார்களா? பேச்சுத் தமிழில் 'படு' அரிது என்பதால் பிள்ளைக்கு இது ஏன் என்றே தெரியாமல் போகிறது. ஆனால் உங்கள் நாளிதழில் தினமும் 'மூன்று பேர் கைது செய்யப்பட்டனர்', 'ரயில்கள் ரத்து செய்யப்பட்டன', 'சாலை மூடப்பட்டது' என்று வருகிறது. செய்தது யார் என்பது முக்கியமில்லாதபோது பிறக்கும் வாக்கியம் அது. தலைப்புகளை வெட்டி எடுத்துச் சென்று 'வேர் அரெஸ்டட்', 'வேர் கேன்சல்ட்', 'வாஸ் க்ளோஸ்ட்' என்று எழுத வைத்தால், வடிவமும் தெரியும், அது எதற்கு என்பதும் தெரியும். 'பை' போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது என்பதையும் கண்டுகொள்வார்கள்.

இனி, திருத்தும் முறை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து வாக்கியம் என்றால் ஒரு நாளைக்கு இருநூறு. எந்த ஆசிரியராலும் அதைத் தினமும் படிக்க முடியாது. அதனால்தான் டிக் மட்டும் அடித்த நோட்டுகள் குவிகின்றன. எல்லாரும் தினமும் ஐந்து வாக்கியம் எழுதட்டும், ஆசிரியர் எட்டு நோட்டு மட்டும் வாங்கட்டும். ஐந்து நாளில் வகுப்பு முழுதும் ஒரு சுற்று வந்துவிடும். அந்த வாரம் எந்தப் பாடமோ அந்தப் பிழையை மட்டும் திருத்த வேண்டும். நீலக் கிளிப் வாரத்தில் 'தி' விடுபட்டிருந்தால் கண்டும் காணாமல் விட்டுவிடுவதே நல்லது. பதினைந்து சிவப்பு வட்டம் உள்ள பக்கத்தைப் பிள்ளை இரண்டாம் முறை பார்ப்பதே இல்லை. திருத்தி எழுதிக் கொடுக்கவும் கூடாது. பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், எங்கே என்று அவனே தேடட்டும். எட்டு நோட்டில் கிடைத்த நல்ல ஐந்து பிழைகளை, யாருடையது என்று சொல்லாமல், மறுநாள் பலகையில் எழுதினால் பத்து நிமிஷத்தில் வகுப்பே திருத்திவிடும்.

இம்போசிஷன் கொடுப்பதை நிறுத்த வேண்டும். 'ஹீ கோஸ் டு ஸ்கூல்' ஐம்பது தடவை என்றால் பிள்ளை எப்படி எழுதுகிறான் என்று பின்னால் நின்று பாருங்கள். முதலில் மேலிருந்து கீழே ஐம்பது 'ஹீ'. அப்புறம் ஐம்பது 'கோஸ்'. அப்புறம் ஐம்பது 'டு'. 'ஹீ'யும் 'கோஸ்'ஸும் அவன் மனதில் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வில் பிழை திருத்தும் கேள்விக்கு ஐந்து மதிப்பெண் இருக்கிறது. அதற்கும் கைடில் உள்ள ஐம்பது வாக்கியங்களையும் விடைகளையும் உருப்போடுகிறார்கள். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஆர்' என்பதில் 'ஆர்' தவறு என்று தெரியும், ஏன் என்று தெரியாது. ஆகவே 'பாய்ஸ்' இருந்த இடத்தில் 'கேர்ள்ஸ்' வந்தால் திகைப்பு. 'பசங்கள்ல ஒருத்தன் வந்தான்' என்று தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் 'வந்தார்கள்' வராது என்பது தெரிந்திருக்கும்.

எங்கள் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளும் உருது பேசும் வீடுகளும் கணிசம். தெலுங்கில் பெயர்ப் பயனிலை தமிழைப் போலவே என்பதால் மேலே சொன்னது அங்கும் செல்லும். உருதுவில் வாக்கியம் 'ஹை' என்று முடியும். அந்தப் பிள்ளையிடம் 'உன் ஹைதான் இங்கே இஸ், இடம் மட்டும் மாறி நடுவில் வந்துவிட்டது' என்று சொன்னால் போதும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எழுவாய், பயனிலை, வேற்றுமை, பெயரெச்சம் எல்லாம் தமிழ் வகுப்பில் நடத்தப்படுகின்றன. 'நேற்று வந்த பையன்' என்ற பெயரெச்சத் தொடரைத் தமிழாசிரியர் நடத்தும் அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியர் 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' நடத்தினால், 'எஸ்டர்டே கேம் பாய்' வராது. இதற்கு அரசாணை வேண்டாம், செலவும் இல்லை. இரண்டு ஆசிரியர்களும் ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

உங்களுக்கும் ஒன்று. மாணவர் பக்கத்தில் தேர்வு நேரத்தில் 'முக்கிய வினாக்கள்' பட்டியல் போடும் இடத்தில், ஆண்டு முழுவதும் வாரம் ஐந்து வாக்கியம் போடலாமே? ஒவ்வொன்றிலும் மூன்று வரி: பிழையான ஆங்கிலம், அதைப் பிறப்பித்த தமிழ், சரியான ஆங்கிலம். நடுவில் உள்ள தமிழ் வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம். எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டால், வெட்டிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டும்போது மூன்றாவது பெஞ்சு வரைக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.